குதிரை பராமரிப்பு: ஜட்கா காலமும் இந்தக் காலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்தய லாயங்களில் மருத்துவர், பயிற்சியாளர், சாய்ஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) என்று ஆள் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்கானது அல்ல. வீட்டோடு ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்கள், சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை விடுபவர்கள், வண்டிக்குப் பூட்டுபவர்கள், அந்தியூர் சந்தையில் முதல் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குப் பதில்கள் இவை.

அந்தக் காலத்தில் இவ்வளவு பக்குவம் பார்த்தார்களா? கொள்ளும் புல்லும் போட்டார்கள், குதிரை ஓடியதே?

ஓடியது. ஆனால் நாள் முழுக்க ஓடியது. ரயிலடிக்கும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் அலைந்த ஜட்கா வண்டிக் குதிரையைக் காலையில் பூட்டினால் இருட்டிய பிறகுதான் அவிழ்ப்பார்கள். தின்ற கொள்ளு அத்தனையும் காலில் கரைந்துவிடும். இன்றைய குதிரைக்கு முகூர்த்த நாளில் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு சவாரி. மிச்ச நேரமெல்லாம் கட்டுத்தறிதான். தீனி மட்டும் வண்டிக்குதிரைத் தீனியாகவே இருக்கிறது. வேலை போய்விட்டது, வேலைக்கான தீனி போகவில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு வேர் இதுதான்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக நினைக்கவும் வேண்டாம். ஆணி குத்திய குதிரை இசிவு கண்டு செத்தது, சேணப்புண்ணோடு வண்டி இழுத்தது, ஈக்கடியால் பரவும் சர்ரா நோய் வந்து பின்பக்கம் தள்ளாடி விழுந்தது எல்லாம் அப்போது சாதாரணம். மருந்தும் தடுப்பூசியும் அவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிட்டன. அந்த இடத்தில் தீனியால் வரும் நோய்களை நாம் உட்கார வைத்திருக்கிறோம்.

கொள்ளு கொடுக்கலாமா, கூடாதா?

கொடுக்கலாம். கேள்வி எவ்வளவு, எப்படி என்பதுதான்.

கொள்ளில் புரதம் ஏறக்குறைய 22 சதவீதம். தசை வளர்க்கும் அமினோ அமிலமான லைசின் நிறைய உண்டு. கூடவே புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்களும் பச்சைக் கொள்ளில் உண்டு. வேகவைத்தால் அவை அழியும். பழைய குதிரைக்காரர்கள் ஊறவைத்து அவித்துத்தான் வைத்தார்கள். அந்தப் பக்குவம் முழுக்கச் சரி. உலர்ந்த கொள்ளை அப்படியே அள்ளிப் போடுவது பின்னால் வந்த சோம்பல்.

பக்குவம் இப்படி: கல், மண், பூஞ்சணம் நீக்கிக் கழுவி 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில், விரலிடையில் நசுக்கினால் மசியும் வரை வேகவிடுங்கள். ஆறவைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் அவித்த கொள்ளு சில மணி நேரத்தில் புளித்துவிடும். காலையில் அவித்ததை மாலைக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் வயிற்றுவலி வந்த குதிரைகள் அதிகம். புளித்த வாடை அடித்தால் குப்பைக்குத்தான்.

அளவுக்கு வருவோம். நாள் முழுக்க வண்டி இழுக்கும் குதிரைக்கு இரண்டு மூன்று கிலோ தானியம் தேவைப்படும். சும்மா நிற்கும் குதிரைக்கு நல்ல புல்லும் தாது உப்பும் கிடைத்தால் கொள்ளே தேவையில்லை. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் உலர்ந்த எடையில் அரை கிலோவைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரம் மிதமாக ஓடும் குதிரைக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ. எந்தக் குதிரையானாலும் ஒரே வேளையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தானியம் கூடாது.

காரணம், வயிற்றின் அமைப்பு. உடம்பின் அளவுக்குக் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது, சுமார் 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒரேயடியாக விழுந்த மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அமிலம் ஏறி, அங்கே நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் சாகின்றன. அதிலிருந்து வயிற்றுவலி வரும். அதைவிட மோசமாக, குளம்புக்குள் அழற்சி வரும். ஊர்வலத்துக்கு முன்னால் தெம்புக்கென்று மூன்று கிலோ கொள்ளு தின்ற குதிரை இரண்டாம் நாள் முன்னங்காலை நீட்டி, குதிகாலில் சாய்ந்து நின்றால், அதைச் சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். தாமதித்தால் குளம்புக்குள் உள்ள எலும்பு இறங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஓய்வு நாளிலும் முழுத் தீனி தின்ற குதிரையை மறுநாள் பூட்டினால், பத்து நிமிடத்தில் தொடைத்தசை கல்லாக இறுகி, வியர்த்து, நகரமாட்டாமல் நிற்கும். சிறுநீர் காபி நிறத்தில் போகும். ஞாயிறு ஓய்வெடுத்து மறுநாள் பூட்டும்போது வந்ததால் மேல்நாட்டில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர். நடத்தாதீர்கள். நின்ற இடத்திலேயே நிழல் கட்டி, தண்ணீர் வைத்து, மருத்துவரை அழையுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாவது குறைப்பதே தடுப்பு.

தவிடு நல்லதுதானே? எல்லோரும் கலக்கிறார்களே?

தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். ஒரு கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் 10 முதல் 12 கிராம், கால்சியம் ஒரு கிராமை ஒட்டித்தான். அரிசித் தவிட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. குதிரைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு கால்சியம். கணக்கு தலைகீழானால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று மாறி மாறி நொண்டுதல், தீனியை மெல்லுவதற்குச் சிரமப்படுதல், பிறகு கண்ணுக்குக் கீழே முகம் இரு பக்கமும் உப்பிக் கெட்டியாதல். அந்த வீக்கம் முழுதாக வடியாமலும் போகலாம்.

தவிடு போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு கிலோவுக்கு 35 முதல் 40 கிராம் தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் பொடி, அதாவது கால்சியம் கார்பனேட், கலந்துவிடுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு அல்ல, அது வாயையும் தொண்டையையும் வெந்துபோகச் செய்யும்.

நேப்பியர் புல் நட்டிருக்கிறோம். அதை மட்டும் போட்டால் போதுமா?

போதாது, ஆபத்தும் உண்டு. மாட்டுக்காரர்களைப் பார்த்துக் குதிரைக்காரர்களும் பழகிக்கொண்ட புதிய தவறு இது. ஜட்காக்காரர் வாங்கியது பெரும்பாலும் தலைச்சுமையாக வந்த அருகம்புல் கட்டு. இன்று அதற்குப் பதிலாக வருவது கம்பு நேப்பியர். நேப்பியர், கினியா, கொழுக்கட்டைப் புல் இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது புல்லில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் சாணியோடு வெளியே தள்ளிவிடும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டை உடைத்துவிடுவதால் மாடு தப்பிக்கிறது. குதிரைக்கு அந்த வசதி இல்லை. நேப்பியரும் தவிடும் சேர்ந்தால் மேலே சொன்ன முக வீக்கத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அருகும் ரோட்ஸ் புல்லும் முக்கியத் தீனியாக இருக்கட்டும். குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப்பயிர்) பேருக்கேற்றபடி குதிரைக்கு உகந்தது, கால்சியம் நிறைந்தது. நாளுக்கு ஒன்று, இரண்டு கிலோ உலர்ந்த மசால் சேர்த்தாலே கணக்கு நேராகிவிடும். நேப்பியர் தவிர வேறு கிடைக்காத இடத்தில் மொத்தத் தீனியில் அதை மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள், மசாலோ சுண்ணாம்புக்கல் பொடியோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலியோரத்தில் வளரும் சூபாபுல், ஊர் வழக்கில் சவுண்டல், இலையை வெட்டிப் போடாதீர்கள். அதிலுள்ள மிமோசின் பிடரிமயிரையும் வால்மயிரையும் உதிர்த்துவிடும். இளம் பச்சைச் சோளத்தட்டும் வேண்டாம். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் மூட்டைகளைக் குதிரைக்கு எட்டாத அறையில் வையுங்கள். மாட்டுக்கும் கோழிக்கும் சேர்க்கும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையைச் சிதைக்கும். மாட்டைக் கொல்லாத சிறு அளவே குதிரையைக் கொல்லப் போதும். முறிவு மருந்து கிடையாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு புல்? குதிரையின் எடையே தெரியாதே?

எடை மேடை வேண்டாம், தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால், பிடரி முடியும் மேட்டை ஒட்டி நெஞ்சைச் சுற்றி அளங்கள், சென்டிமீட்டரில். பிறகு தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் சுமார் 323 கிலோ. குட்டிக்கும் சினைக்குதிரைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

அந்த எடையில் 2 சதவீதம் உலர்ந்த கணக்கில் நார்த்தீனி, குறைந்தது ஒன்றரை சதவீதம். 323 கிலோக் குதிரைக்கு ஆறரைக் கிலோ உலர்புல். பசும்புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் அதுவே 25 முதல் 30 கிலோ ஆகும். நாலைந்து தடவையாகப் பிரித்து, ராத்திரிக்கென்று பெரிய பங்கை ஒதுக்குங்கள். மாலை ஆறுக்குத் தின்று முடித்து மறுநாள் காலை ஆறு வரை வெறும் வயிற்றோடு நிற்பதுதான் இரைப்பைப் புண்ணுக்கும், கட்டை கடித்தலுக்கும் வழி. நெல் வைக்கோல் வாய்க்கு வேலை கொடுக்கும், சத்து குறைவு. தண்ணீர் குறைந்த நாளில் வைக்கோல் மட்டும் தின்றால் குடலில் கட்டிக்கொள்ளும்.

மணல் தரையில் புல்லைப் பரப்பாதீர்கள். புல்லோடு போகும் மணல் குடலடியில் படியும். சந்தேகம் வந்தால் ஐந்தாறு சாணி உருண்டையை ஒரு வாளி நீரில் கரைத்து அசையாமல் விடுங்கள். அடியில் மணல் தங்கினால் தெரிந்துவிடும்.

ஓடி வந்த சூட்டில் தண்ணீர் காட்டக்கூடாது என்பது சரியா?

சரியல்ல. குதிரைத் தொழிலில் மிக ஆழமாக வேரோடிய தவறான நம்பிக்கை இதுதான், குதிரையைத் துன்பப்படுத்துவதும் இதுதான். ஓடி நின்ற குதிரை தாகத்தோடு இருக்கும் முதல் சில நிமிடங்கள்தான் தண்ணீர் காட்ட நல்ல நேரம். ஆறிய பிறகு பல குதிரைகள் குடிக்காது. சாதாரண வெப்பத்தில் உள்ள நீரை வேண்டிய மட்டும் குடிக்கட்டும். ஆறிய பிறகு காட்ட வேண்டியது தானியம்தான்.

சூடான உடம்பில் குளிர்நீர் ஊற்றினால் தசை பிடிக்கும் என்பதும் அப்படியே. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் கடும் வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில் நடக்கவிருந்ததால், சூடேறிய குதிரையை எப்படி ஆற்றுவது என்பதை அதற்கு முன்பே விரிவாக ஆராய்ந்தார்கள். குளிர்நீரைத் தாராளமாக ஊற்றுவதே விரைவாக ஆற்றுகிறது, தசைக்குக் கேடில்லை என்பது அப்போது தெளிவானது. கழுத்து, நெஞ்சு, முதுகு, தொடை என்று நிற்காமல் ஊற்றுங்கள். ஈரத்துணி போர்த்தி விட்டுவிடாதீர்கள், அது சூட்டை அடைத்துக்கொள்ளும். இடையில் சிறிது நடத்தி மறுபடி ஊற்றுங்கள்.

ஓய்விலுள்ள குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. வேலை முடிந்து அரை மணி கழித்தும் நாடி 60க்கு மேல் நின்றால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு அதுவே கடைசி வேலை.

வேலையில்லாத குதிரையே நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும். சித்திரை வெயிலில் வேலையும் சேர்ந்தால் இரட்டிப்பாகும். தினம் 30 கிராம் கல்லுப்பு, வியர்த்த நாளில் 50, 60 கிராம். உப்பு கொடுக்கும்போது தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும்.

கடலோர ஊர்களில் ஒன்றைக் கவனியுங்கள். வேலைக்குப் பிறகு மூக்கு விடைத்து மூச்சு வாங்குகிறது, உடம்போ காய்ந்து கிடக்கிறது என்றால் வியர்வைச் சுரப்பு நின்றுவிட்டது என்று பொருள். புழுக்கமான ஊர்களில், குறிப்பாகக் குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்த குதிரைகளுக்கு, இது வருவதுண்டு. விடியும் முன் வேலை, பகலில் நிழலும் மின்விசிறியும், உப்பு. சில குதிரைகளை மேட்டு நிலத்துக்கு மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

நம் ஊர் வெயிலில் குதிரை வாழாது என்கிறார்களே?

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இதையேதான் சொன்னார். அரபுக் கரையிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரை இறங்குகிறது, பெரும்பாலானவை செத்துவிடுகின்றன என்று. காரணங்களையும் அவரே சொல்கிறார்: சோறும் சமைத்த இறைச்சியும் தீனி, வைத்தியம் தெரிந்த லாடக்காரர் இல்லை. குதிரை வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் அவர் குறிப்பு. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! வெயிலின் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் சோறு தின்ற குதிரை எந்த ஊரிலும் நிலைக்காது. குஜராத்தின் கட்டியாவாரி, ராஜஸ்தானின் மார்வாரி இனங்கள் நம்முடையதைவிடக் கடுமையான வெயிலில் வளர்ந்தவை.

லாடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை? லாடமே இல்லாமல் விடலாமா?

ஐந்து முதல் ஆறு வாரம். லாடம் தேய்ந்ததா என்பது கணக்கல்ல. தேயாத லாடத்தை மூன்று மாதம் விட்டுவைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. லாடம் இருக்கும்போது அது தரையில் தேய வழியில்லை. முன்முனை நீண்டு, குதி தாழ்ந்து, ஒவ்வொரு அடியிலும் பின்தசைநார் இழுபடும்.

லாடம் அடிக்கும்போது கூடவே நின்று இவற்றைப் பாருங்கள்:

குளம்பைத்தான் முதலில் சமமாகச் சீவ வேண்டும், பிறகு லாடத்தை அதற்கேற்ப வளைக்க வேண்டும். கைக்குக் கிடைத்த லாடத்தை வைத்துவிட்டு, வெளியே நீட்டிய குளம்பை அரத்தால் ராவினால் குளம்புச்சுவர் மெலிந்து வெடிக்கும்.

ஆணி குளம்பின் அகன்ற பகுதிக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் குதிப்பகுதி சற்று விரியும். அங்கே ஆணி அடித்தால் அந்த விரிவு நின்று குதி சுருங்கும்.

அடிப்பாகத்தில் சுவரும் உள்ளங்குளம்பும் சேரும் இடத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். ஆணி அந்தக் கோட்டிலோ அதற்கு வெளியிலோதான் இறங்க வேண்டும். உள்ளே இறங்கினால் சதை. அடிக்கும்போது குதிரை காலை வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆணியை உடனே பிடுங்கி, துளையில் அயோடின் விட்டு, அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து நொண்டினால் அங்கே சீழ் என்று கொள்ளுங்கள்.

லாடமில்லாமல் விடலாம், குதிரையின் வேலையைப் பொறுத்து. மண் தரையில் நிற்கும், வாரம் ஒருமுறை தோட்டத்தில் நடக்கும் குதிரைக்கு லாடம் வெறும் வழக்கம்தான். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி, ஓரத்தை உருட்டிவிட்டால் போதும். தார்ச்சாலையில் தினம் ஓடும் குதிரைக்கு வளர்ச்சியைவிடத் தேய்மானம் அதிகம், லாடம் வேண்டும். லாடத்தைக் கழற்றிய முதல் மாதங்களில் சரளைக் கல்லில் ஓட்டாதீர்கள். குளம்புச்சுவர் முழுக்கப் புதிதாக இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளங்குளம்பின் நடுவே முக்கோண மெத்தைப் பகுதி கறுத்து நாறும். தினம் குளம்பைச் சுரண்டி, கழுவி, துடைத்துக் காயவிட்டு அயோடின் தடவுங்கள். ஈரத் தரையை மாற்றாமல் மருந்து மட்டும் தடவினால் ஆறாது. குளம்புக்கு எண்ணெய் பூசுவது பளபளப்புக்கு மட்டும்தான்.

பூச்சி மருந்து (குடற்புழு மருந்து) மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தால் சரிதானே?

அந்த வழக்கம்தான் இப்போது மாறிவிட்டது. இதன் வரலாறு தெரிந்தால் காரணம் விளங்கும். புழு மருந்தாக 1940களில் ஃபீனோதயசின், பிறகு பிப்பரசின், 1961இல் தயபெண்டசோல் வந்தன. 1966இல் அமெரிக்காவில் டிரட்ஜ், லயன்ஸ் என்ற இருவர் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் மருந்து கொடுக்கும் முறையை முன்வைத்தார்கள். அன்றைக்கு அது சரி. குடல் ரத்தக்குழாயை அடைத்துக் கொன்ற பெரிய ஸ்ட்ராங்கைல் புழுதான் எதிரி. 1981இல் ஐவர்மெக்டின் வந்ததும் அந்தப் புழு பெரிதும் ஒடுங்கிவிட்டது. ஓயாத மருந்தில் தப்பிப் பிழைத்தவை சிறு ஸ்ட்ராங்கைல் புழுக்கள். அவற்றில் பெருமளவு இப்போது ஃபென்பெண்டசோல் வகை மருந்துக்கு மசிவதில்லை. குட்டிகளின் உருண்டைப்புழு பல நாடுகளில் ஐவர்மெக்டினுக்கே மசிவதில்லை.

ஆகவே வளர்ந்த குதிரைக்கு முதலில் சாணிப் பரிசோதனை. புதுச் சாணியில் இரண்டு உருண்டையைக் காற்றுப் புகாமல் பையில் கட்டி, குளிர்ச்சியாக வைத்து அன்றே கால்நடை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். ஒரு கிராமில் 200க்குக் குறைவாக முட்டை இருந்தால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை மருந்து போதும். அதைத் தாண்டினால் அடிக்கடி. மருந்து கொடுத்த 14ஆம் நாள் மறுபடி பாருங்கள். எண்ணிக்கை பெரிதாக விழவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் லாயத்தில் வேலை செய்யவில்லை. குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றுக்கு மருத்துவர் தரும் அட்டவணைதான்.

ஐவர்மெக்டின் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம், வாய்வழியாக. எடையைக் குறைத்து மதிப்பிட்டுக் கொடுப்பதுதான் புழுவுக்குப் பயிற்சி கொடுப்பது. மாட்டு ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டதால்தான் குதிரைகளுக்கான ஐவர்மெக்டின் ஊசியே 1980களில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. எந்த மருந்தையும்விட, மேயும் இடத்திலிருந்து வாரம் இருமுறை சாணி அள்ளுவது அதிகப் பலன் தரும். செலவும் இல்லை.

கட்டாயம் போட வேண்டிய தடுப்பூசி எது?

டெட்டனஸ், அதாவது இசிவு. இதற்குக் குதிரையைப் போல எளிதில் பலியாகும் வீட்டு விலங்கு வேறில்லை. கிருமி சாணியிலும் மண்ணிலும் இருக்கிறது. காயத்தில் சாணமோ செம்மண்ணோ அப்புவது கிருமியைக் கையால் எடுத்து உள்ளே வைப்பதுதான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் கழுவுங்கள், அது போதும். தடுப்பூசி நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கொன்று. ஆழமான காயம் பட்டு, கடைசி ஊசிக்கு ஆறு மாதம் ஆகியிருந்தால் இன்னொன்று. சினைக்குதிரைக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால்.

தெருநாய் உள்ள ஊரில் ரேபிஸ் ஊசியும் ஆண்டுக்கொன்று. விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும் குதிரையின் வாய்க்குள் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கை விடாதீர்கள்.

சர்ராவுக்குத் தடுப்பூசி இல்லை. 1880இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் இதே நோய்க்கான ஒட்டுண்ணியை இன்றைய பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டார். கடிக்கும் பெரிய ஈக்களால் பரவுகிறது. விட்டு விட்டுக் காய்ச்சல், நன்றாகத் தின்றும் இளைப்பு, அடிவயிற்றிலும் காலிலும் நீர், பின்பக்கத் தள்ளாட்டம். மழைக்காலம் முடிந்தபின் இப்படி இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காய்ச்சல் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில்தான் சிக்கும்.

கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய் மனிதருக்கும் தொற்றும். அதற்கென்று 1899லேயே தனிச் சட்டம் வந்தது. மூக்கில் கெட்டியான சளி, புண், தோலடியில் கயிறு போல் முடிச்சு தென்பட்டால் தொடாமல் தனியே கட்டி, அரசுக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 1987இலும் 2008இலும் நாட்டில் குதிரை இன்ஃப்ளூயன்சா பரவியது. சந்தையிலிருந்து வந்த குதிரையை மூன்று வாரம் தனியே, தனி வாளியோடு வையுங்கள்.

வயிற்றுவலி வந்தால் உடனே என்ன செய்வது?

தீனியை எடுத்துவிடுங்கள். தாடைக்குக் கீழே ஓடும் குழாயில் 15 விநாடி நாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சாணி எப்போது போட்டது, விலாவில் காது வைத்தால் குடல் இரைச்சல் இரு பக்கமும் கேட்கிறதா என்று பாருங்கள். இவற்றோடு மருத்துவரை அழையுங்கள். நாடி 60ஐத் தாண்டினாலோ, வலி ஊசிக்குப் பிறகும் புரண்டாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

ஓமம், பெருங்காயம், நல்லெண்ணெய் கலந்து பாட்டிலிலோ மூங்கில் குழாயிலோ ஊற்றும் பழைய முறையை விட்டுவிடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் வயிற்றுவலி தீர்ந்தும் நுரையீரல் அழற்சியில் குதிரை போய்விடும். எண்ணெய் கொடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் மூக்குக் குழாய் போட்டுப் பார்த்துச் சொல்வார். விடாமல் மணிக்கணக்கில் நடத்துவதும் வேண்டாம். பத்து நிமிடம் மெதுவாக நடத்தினால் போதும். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கட்டும்.

மென்ற புல்லை உருண்டையாகத் துப்புகிறதே?

பல். மேல்வரிசை அகலம், கீழ்வரிசை குறுகல் என்பதால் மேலே வெளி ஓரமும் கீழே உள் ஓரமும் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். ஆண்டுக்கொரு முறை அரம் போட வேண்டும். வயது கணிக்கப் பல் பார்த்தவர்கள் இதற்கும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

முரட்டுக் குதிரைக்கு முள் கடிவாளம் போடலாமா?

கூடாது, சட்டமும் தடுக்கிறது. இழுவை, சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் முள்ளும் குமிழும் உள்ள கடிவாளத்தைத் தடை செய்கின்றன. அதே விதிகளின்படி நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. முரண்டு பிடிக்கும் குதிரைக்குப் பல்லையும் முதுகையும் முதலில் பாருங்கள். சேணத்தின் கீழ் வியர்வையில் நனையாத ஒரு திட்டு இருந்தால் அங்கேதான் அழுத்துகிறது.

சுழி பார்த்து வாங்குவது?

சுழி மயிர் வளரும் திசை. குதிரையின் குணத்தையோ உங்கள் குடும்பத்தையோ அது தீர்மானிப்பதில்லை. அந்த அரை மணி நேரத்தைக் கெட்டித் தரையில் குதிரையை ஓடவிட்டுப் பார்க்கச் செலவிடுங்கள். நல்ல குதிரைகள் ஒரு சுழிக்காகக் கைமாறிக் கைமாறி அலைவது மனதை வருத்தும் காட்சி.

பழைய முறையில் எதைக் கைவிடக் கூடாது?

கை. தினம் இரண்டு வேளை உருவிவிட்டதால் குதிரைக்காரரின் விரலுக்கு வீக்கம், சூடு, முள், உண்ணி எல்லாம் அன்றே தெரிந்தது. குளம்புச் சூட்டை எந்தக் கருவியும் இல்லாமல் நான்கு காலையும் ஒப்பிட்டுச் சொன்னார்கள். மணலில் புரளவிட்டதும் நல்ல பழக்கம். கைவிட வேண்டியது முன்கால் தளையும் பின்கால் கட்டும்: கயிறு அறுத்த புண் கணுக்காலில் ஆறவே ஆறாது. 12க்கு 12 அடித் தடுப்பில் அவிழ்த்துவிட முடிந்தால் நல்லது. சிறுநீர் நெடி உங்கள் கண்ணை எரித்தால், குனிந்து தின்னும் குதிரைக்கு அது இன்னும் அதிகம். ஈரப் படுக்கையை அன்றன்று மாற்றுங்கள்.

கொள்ளையும் தவிட்டையும் குறைக்க முடிவு செய்துவிட்டோம். எப்படி மாற்றுவது?

ஒரே நாளில் வேண்டாம். குடல் நுண்ணுயிரிகள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். முதல் 3 நாள் தானியத்தில் கால் பங்கைக் குறைத்து, ராத்திரிப் புல்லை ஒரு கட்டு கூட்டுங்கள். 4ஆம் நாள் தவிட்டை முழு அளவிலிருந்து பாதியாக்குங்கள். 7ஆம் நாள் தானியம் பாதி, 10ஆம் நாள் தவிடு இல்லை, 14ஆம் நாள் தானியம் நீங்கள் முடிவு செய்த அளவு. புல்லும் புதிது என்றால் பழைய புல்லோடு கலந்தே மாற்றுங்கள். இந்த நாட்களில் சாணியைக் கவனியுங்கள். உருண்டை உடைந்து கூழானால் இரண்டு நாள் அதே அளவில் நில்லுங்கள். உருண்டை சிறுத்துக் கெட்டியானால் தண்ணீர் போதவில்லை. தாது உப்பு 50 கிராம், ஒரு கை மசாலில் பிசறிக் கொடுங்கள். வெறுமனே வைத்தால் ஊதித் தள்ளிவிடும். 30ஆம் நாள் அதே நாடாவால், அதே இடத்தில், அதே நேரத்தில் நெஞ்சளவு எடுங்கள். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது.